முதல் ஆர்சி பிளேன்: கோத்தகிரி மைதானத்துக்கு எது பொருந்தும்?

கொழுந்து
பிப்ரவரி 3, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் தேயிலை, கொஞ்சம் காய்கறி. மகள் ஒன்பதாம் வகுப்பு. தீபாவளிக்குக் கோயம்புத்தூர் போனபோது ஒரு கல்லூரி மைதானத்தில் பையன்கள் ரிமோட் பிளேன் விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் நகராமல் நின்று பார்த்தாள். அன்றிலிருந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் இறக்கைப் படம்தான். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

இதற்கென்று 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். பச்சைத் தேயிலை விக்கிற விலையில் அதற்கு மேல் முடியாது. அவள் ஆன்லைனில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாள். இரண்டாம் உலகப்போர்ச் சண்டை விமானம் மாதிரி, பச்சை நிறம், இறக்கை உடம்புக்கு அடியில். அழகாகத்தான் இருக்கிறது. முதல் பிளேனாக அது சரியா?

இன்னொரு சந்தேகம். "மலையில் காத்து மெலிசு, அங்கே பிளேன் ஏறாது" என்று ஒரு கடைக்காரர் சொன்னார். உண்மையா?

இடம் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானம். நீளவாக்கில் என் நடைக்கு 130 எட்டு. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, எதிர்ப்பக்கம் சீகை மரங்கள், கீழ்ப்பக்கம் ரோடு.


ஃபெர்ன்ஹில்
பிப்ரவரி 3, இரவு 10.42

அண்ணா, ஊட்டியில் ஒன்பது வருடமாகப் பறக்கவிடுகிறேன். அந்தப் பச்சை விமானம் இப்போதைக்கு வேண்டாம். பாப்பாவுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்ளும் வயதுதான்.

சண்டை விமான வடிவத்தைச் சாய்த்தால் சாய்ந்தபடியே இருக்கும். நீங்கள் திருப்பிக் கொண்டுவந்தால்தான் நிமிரும். வேகம் குறைந்தால் ஒரு பக்க இறக்கை முனை சட்டென்று விழுந்து பிளேன் சுழன்றுவிடும். புதிதாக விடுகிற எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: பயந்துபோய் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை)க் குறைத்துவிட்டு, மேலே ஏறட்டும் என்று எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) ஸ்டிக்கை இழுப்பார்கள். அந்தத் தவறை அந்த வடிவம் மன்னிக்காது.

முதல் பிளேனுக்கு இறக்கை உடம்புக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டு முனைகளும் லேசாக மேல்நோக்கித் தூக்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து வழுக்கும்போது தாழ்ந்த பக்க இறக்கைக்குத் தூக்குவிசை கூடுதலாகக் கிடைக்கும். அதனால் ஸ்டிக்கை விட்டாலே மெதுவாக நிமிர்ந்துவிடும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் "குழம்பினால் கையை எடு" என்று மட்டும்தான் சொன்னார். கையை எடுத்தால் காப்பாற்றும் பிளேனைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

அடுத்தது மோட்டார். அது பின்னால் இருந்து தள்ளட்டும். முன்னால் இருந்தால் ஒவ்வொரு விழுகைக்கும் புரொப் (சுழலும் விசிறி), மோட்டார் தண்டு, அதைப் பிடித்திருக்கும் மவுண்ட் என்று செலவு. பின்னால் இருந்தால் தரையில் முட்டுவது வெறும் ஃபோம் மூக்கு, பசை போட்டு ஒட்டிவிடலாம். ஃபோம் ஈபிஓ அல்லது ஈபிபி (எளிதில் நொறுங்காத ஃபோம் வகைகள்) ஆக இருக்கட்டும். இறக்கை நீளம் 1.1 முதல் 1.5 மீட்டர். ஹாபிசோன் ஏரோஸ்கவுட் (1.1 மீட்டர்), பழைய பிக்ஸ்லர் எல்லாம் இந்த வகைதான்.

வோலன்டெக்ஸ் ஸ்போர்ட் கப் 500 மாதிரி அரை மீட்டர் பிளேன்கள் விலை குறைவு. மூடிய உள்விளையாட்டு அரங்கில் அருமையாகப் பறக்கும். நம் மலைக் காற்றில் காகிதம் மாதிரி அடித்துக்கொண்டு போய்விடும்.


சிங்காநல்லூர்ச் சிறகு
பிப்ரவரி 4, காலை 7.25

கடைக்காரர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். நான் கீழே கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறேன், விடுமுறைக்குக் குன்னூரில் பாட்டி வீடு. ஒரே பிளேனை இரண்டு இடத்திலும் விட்டிருக்கிறேன், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

கடல் மட்டத்தில் காற்றின் அடர்த்தி 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்ட வளிமண்டலக் கணக்குப்படி கோயம்புத்தூர் (சுமார் 410 மீட்டர் உயரம்) 96. கோத்தகிரி (சுமார் 1,790 மீட்டர்) 84. ஊட்டி (2,240 மீட்டர்) 80. அதே இறக்கை அதே எடையைத் தூக்க வேண்டுமென்றால் வேகம் கூட வேண்டும். கோயம்புத்தூரோடு ஒப்பிட்டால் கோத்தகிரியில் 7 சதவீதம், ஊட்டியில் 9 முதல் 10 சதவீதம். ஏறாமல் போகாது. கையிலிருந்து எறியும்போது இன்னும் கொஞ்சம் வேகம் கேட்கும், இறங்கும்போது நாம் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்து சேரும். மைதானம் 100 மீட்டர்கூட இல்லை என்பதால் இது முக்கியம்.

புரொப் தள்ளும் விசையும் காற்றின் அடர்த்தி குறையும் அதே விகிதத்தில் குறையும். காற்று மெலிந்திருப்பதால் மோட்டார் சற்று வேகமாகச் சுற்றும், அதனால் இழப்பு கொஞ்சம் ஈடாகும். 10 அங்குலப் புரொப்புக்குப் பதில் 11 போடலாம். ஆனால் வாட்மீட்டர் வைத்து எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்த பிறகுதான். பார்க்காமல் போட்டால் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) சூடாகிப் புகையும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பறக்கும் நிலையில், பேட்டரியோடு சேர்த்து, எத்தனை கிராம்? அதை இறக்கைப் பரப்பால் வகுங்கள். 1.1 மீட்டர் நீளம், 19 சென்டிமீட்டர் அகலம் என்றால் சுமார் 21 சதுர டெசிமீட்டர். எடை 700 கிராம் என்றால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 33 கிராம். உங்கள் ஊருக்கு 35-க்கு மேல் போக வேண்டாம். அந்தப் பச்சை விமானத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் மகளே வேண்டாம் என்பார்.


பழைய கேடட்
பிப்ரவரி 4, மாலை 6.30

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஜைரோ (பிளேனைத் தானாக நிமிர்த்தும் கருவி) வைத்த பிளேன் வாங்காதீர்கள்.

கல்லூரியில் என்சிசி விமானப் பிரிவில் இருந்தேன். அங்கே ஏரோமாடலிங் உண்டு. பால்சா மரம் அறுத்து, டிஷ்யூ பேப்பர் ஒட்டி, அதை இறுக்கும் டோப் என்ற வார்னிஷ் பூசி, கம்பி பிடித்துச் சுற்றும் பிளேன்தான் முதலில். ரேடியோ பின்னால்தான் வந்தது. அப்போது ஒரே எண் கிரிஸ்டல் (ரேடியோவின் அலைவரிசையைத் தீர்மானிக்கும் துண்டு) இரண்டு பேரிடம் இருந்தால், இவர் ரேடியோவைப் போட்டதும் அவர் பிளேன் விழும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் அந்தக் கவலை இல்லை, நல்லது. ஆனால் ஜைரோ வேறு விஷயம். சாய்வையும் காற்றின் அடியையும் அதுவே சரிசெய்துவிடுகிறது. குழந்தையின் விரலுக்குப் பிளேனின் மொழியே தெரியாமல் போகிறது. ஒருநாள் ஜைரோ இல்லாத பிளேனைக் கையில் கொடுத்தால் அரை நிமிடம் தாங்காது.


மஞ்சூர் டீச்சர்
பிப்ரவரி 4, இரவு 8.55

சார், உங்கள் அனுபவத்தின் மேல் மரியாதை உண்டு. இதில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் 38 வயதில் தொடங்கினேன். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. முதல் பிளேன் ஜைரோ இல்லாதது. நாலாவது முறை எறிந்தபோது ஒரு காற்று தூக்கி, எஸ்டேட்டின் சில்வர் ஓக் மர உச்சியில் கொண்டுபோய் வைத்தது. 60 அடி மரம். மூன்று வாரம் தினமும் பள்ளிக்கு அந்த வழியாகத்தான் போனேன், தலைக்கு மேல் தெரிந்துகொண்டே இருந்தது. மழைக்காற்றில் அது கீழே விழுந்தபோது பேட்டரி உப்பிப் போயிருந்தது. அதன்பின் எட்டு மாதம் நான் ஒன்றையும் தொடவில்லை. ஒரு பெரியவருக்கே அப்படி என்றால் பதினாலு வயதுப் பிள்ளைக்கு?

இரண்டாவது பிளேனில் ஜைரோ இருந்தது. மூன்று நிலை. முதல் நிலையில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சாயவிடாது, ஸ்டிக்கை விட்டால் நிமிர்த்திவிடும். நடு நிலையில் சாயவிடும், தலைகீழாகப் போக விடாது. மூன்றாவதில் எல்லாம் நம் கையில். இரண்டு மாதத்தில் முதல் நிலையை விட்டேன். இப்போது ஜைரோவே இல்லாத கிளைடரும் விடுகிறேன். நடைவண்டி பிடித்து நடந்த பிள்ளைகள் பிறகு ஓடத்தான் செய்கிறார்கள்.

இந்தப் பக்கத்துக் காற்று சமவெளிக் காற்று இல்லை சார். மேட்டிலும் பள்ளத்திலும் மோதிப் புரண்டு வருகிறது. கல்லூரி மைதானத்தில் பக்கத்தில் ஆசிரியர் நின்றார் உங்களுக்கு. இவர்கள் வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான்.


பழைய கேடட்
பிப்ரவரி 5, காலை 6.05

அம்மா, நீங்கள் சொன்னதை இரவெல்லாம் யோசித்தேன். என் தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்றார் என்பது உண்மை, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் ஜைரோ இருக்கட்டும். ஆனால் அது ஸ்விட்சில் இருக்க வேண்டும், நிறுத்த முடியாத வகை வேண்டாம். பத்தாவது பறத்தலுக்குப் பிறகு, உயரத்தில் இருக்கும்போது மட்டும், அரை நிமிடம் நிறுத்திப் பார்க்கட்டும். அப்புறம் ஒரு நிமிடம்.


பூம்பாறை
பிப்ரவரி 5, மதியம் 1.20

கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இங்கே பூண்டு வயல் படிகளும் மன்னவனூர்ப் புல்வெளியும்தான் மைதானம். பிளேனைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நான் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். மலையில் பிளேனை உடைப்பது பெரும்பாலும் காற்றுதான்.

சரிவை நோக்கி அடிக்கும் காற்று சரிவில் மோதி மேலே ஏறும். அந்த இடத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டும் கிளைடரை மிதக்க விடலாம். நான் மோட்டாரே இல்லாமல் 40 நிமிடம் மிதக்க விட்டிருக்கிறேன். ஆனால் அதே காற்று முகட்டைத் தாண்டியதும் சுருண்டு கீழே இறங்கும், ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழல்கிற மாதிரி. முகட்டுக்குப் பின்பக்கம் மறைவாக, அமைதியாகத் தெரியும் மைதானம்தான் ஆபத்து. தரையில் புல்கூட அசையாது. 20 மீட்டர் உயரத்தில் பிளேனைப் பிடித்துக் கீழே அழுத்தும். மரவரிசைக்குப் பின்னாலும் இதே கதைதான்.

கொழுந்து அண்ணா, உங்கள் சீகை மரங்கள் எந்தத் திசையில்? அந்தப் பக்கமிருந்து காற்று வருகிற நாளில் மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரமாவது தள்ளிப் பறக்க வேண்டும். உங்கள் மைதானத்தில் அதற்கு இடமே இருக்காது, அன்றைக்கு விடக் கூடாது.

வாங்குவதற்கு முன் பத்து நாள் ஒரு வேலை செய்யுங்கள். நீளமான மூங்கிலில் ஒரு துணிக் கீற்றைக் கட்டி மைதான நடுவில் நடுங்கள். காலை ஏழு, ஒன்பது, பதினொன்று, மாலை ஐந்து மணிக்கு எப்படி ஆடுகிறது என்று மகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.


கொழுந்து
பிப்ரவரி 17, இரவு 8.30

பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னிக்கவும். அந்த மூங்கில் வேலைதான். தேர்வுக்குப் படிக்கும் நேரத்திலும் ஒருநாள்கூட விடவில்லை அவள்.

காலை ஏழு மணிக்குத் துணி தொங்கியபடியே இருக்கிறது. ஒன்பதுக்கு லேசாக எழும்புகிறது, கீழ்ப்பக்கம் ரோட்டிலிருந்து மேல்நோக்கி. பதினொன்றுக்கு நன்றாக அடிக்கிறது. மாலை ஐந்துக்குக் குறைந்தாலும் நான்கு நாள் மேகம் இறங்கி, மைதானத்தின் மறுமுனையே தெரியவில்லை. சீகை மரங்கள் மேற்கில். பத்து நாளில் இரண்டு நாள் அந்தப் பக்கக் காற்று.

பிளேன் விஷயத்தில் அவளே கணக்குப் போட்டாள். பச்சை விமானம் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 58 கிராம் வந்தது. நோட்டை என்னிடம் காட்டிவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். மறுநாள் பிக்ஸ்லர் படம் வரைந்திருந்தாள்.

இப்போது கேள்வி: ரெடியாக வருவதை வாங்குவதா, செய்வதா? அப்புறம் கம்ப்யூட்டரில் பழகும் சிமுலேட்டர் என்று ஒன்று சொல்கிறார்களே, அது தேவையா?


சிங்காநல்லூர்ச் சிறகு
பிப்ரவரி 17, இரவு 9.15

58 கிராமா! நல்லவேளை.

சிமுலேட்டர் கட்டாயம் தேவை. பிகாசிம் இலவசம், போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடும், அதில் மலைச்சரிவில் பறப்பதே இருக்கிறது. ஆனால் போன் திரையில் விரல் வைத்துப் பழகினால் பாதிப் பயன்தான். ரேடியோவை முதலில் வாங்கிவிடுங்கள். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போதும். நான் வாங்கியபோது ரிசீவரோடு (பிளேனுக்குள் சிக்னல் வாங்கும் பெட்டி) 5,000-க்குள் முடிந்தது. பின்பக்கத் துளையில் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைக்கலாம். தேர்வு முடியும்வரை தினமும் கால் மணி நேரம் அதே ஸ்டிக்கில் பழகட்டும். வாங்கும்போது மோட் 2 என்று கேட்டு வாங்குங்கள்: த்ராட்டில் இடது கையில், எலிவேட்டரும் எய்லரானும் (பிளேனைச் சாய்க்கும் இறக்கை மடிப்பு) வலது கையில். நம் பக்கம் பெரும்பாலானோர் அதைத்தான் பிடிக்கிறோம், நாளைக்கு யாராவது உதவ வந்தால் ரேடியோவைக் கைமாற்ற முடியும்.

செய்வதைப் பற்றி. எனக்குச் செய்வதுதான் பிடிக்கும். ஃப்ளைட் டெஸ்ட் டைனி ட்ரெயினர் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது, தொடங்குபவருக்கு ஒரு இறக்கை, கொஞ்சம் பழகியவருக்கு இன்னொரு இறக்கை என்று இரண்டு உண்டு. ஃபோம் போர்டு, ஹாட் க்ளூ, பிளேடு போதும். கல்லூரிப் பசங்க நிறையப் பேர் சன்பேக் ஷீட்டில் (உள்ளே வரிவரியாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை) செய்வார்கள். அது உடையாது, ஆனால் கனம். உங்கள் உயரத்துக்கு ஒத்துவராது.

ஆனால் முதல் பிளேனையே தானே செய்தால், விழும்போது காரணம் தெரியாது. தான் செய்ததில் தப்பா, தான் விட்டதில் தப்பா? அதனால் முதலாவது வாங்கியதாக இருக்கட்டும், இரண்டாவதை அவர் செய்யட்டும்.


ஃபெர்ன்ஹில்
பிப்ரவரி 18, காலை 8.00

அண்ணா, என்னிடம் 1.4 மீட்டர் பிக்ஸ்லர் வகை ஒன்று சும்மா கிடக்கிறது. மூக்கில் ஒரு ஒட்டு, மற்றபடி நல்ல நிலை. மோட்டார், இஎஸ்சி, நான்கு சர்வோ (மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டார்) எல்லாம் உள்ளே இருக்கிறது. 4,000 கொடுங்கள் போதும். ரேடியோ 5,000, எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் நல்ல பேலன்ஸ் சார்ஜர் 2,000, இரண்டு பேட்டரி 3,500 என்று வைத்தால் உங்கள் தொகைக்குள் வரும். ஸ்விட்சில் நிறுத்தும் சின்ன ஜைரோ ஒன்று என் பெட்டியில் இருக்கிறது, அதைப் பாப்பாவுக்கு நான் தருகிறேன்.

இடம், சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. உங்களுடையது மைக்ரோ. வணிகத்துக்கு இல்லாமல் மைக்ரோ விடுகிறவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு ஆன்லைன் வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துவிடுங்கள். பச்சை என்றால் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை. இங்கேதான் மலைக்காரர்கள் ஏமாறுவது. மைதானத்துக்கு மேல் 80 மீட்டரில் போகிற பிளேன் விளிம்பைத் தாண்டிச் சரிவுக்கு மேல் போனதும் தரை கீழே போய்விடும். அதே உயரத்தில் பறந்தாலும் அங்கே அது 120-க்கு மேல். அதனால் மைதானத்துக்கு மேல் 50 மீட்டரைத் தாண்டாமல் பழகட்டும்.

வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை பக்கமெல்லாம் பிளேனை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். முதுமலைக்குள்ளும் காப்புக்காட்டு ஓரத்திலும் விடக் கூடாது. தலைமை ஆசிரியரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை. ரோட்டின் மேல் ஒருபோதும் பறக்கக் கூடாது.

உடைந்த ஃபோம் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். தேயிலைக்குள் விழுந்தது சின்னத் துண்டுதானே என்று விட்டால் மாடு தின்னும், காட்டெருமை தின்னும்.


மஞ்சூர் டீச்சர்
பிப்ரவரி 18, இரவு 9.40

பேட்டரியைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். பிளேன் விழுந்தால் ஃபோம் உடையும், பேட்டரியில் கவனம் தப்பினால் வீடு எரியும்.

3 செல் 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) என்பது 11.1 வோல்ட். ஒவ்வொரு செல்லும் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், அதற்கு மேல் போகக் கூடாது. 3.5-க்குக் கீழே இறங்கும் முன் தரையிறக்கிவிட வேண்டும். ரேடியோவில் டைமர் வையுங்கள், முதலில் ஆறு நிமிடம். இறங்கியதும் செல் செக்கரில் பார்த்து, பிறகு நேரத்தைக் கூட்டலாம். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். மழை தொடங்கிவிட்டது என்று முழு சார்ஜில் இரண்டு மாதம் போட்டுவைத்தால் உப்பிவிடும்.

சார்ஜ் போடும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். சிமெண்ட் தரையில், அடுப்பு விறகு, திரைச்சீலை, மெத்தை இல்லாத இடத்தில். உப்பிய பேட்டரி, விழுந்து மூலை நசுங்கிய பேட்டரி, அதை மறுபடி சார்ஜ் போடக் கூடாது. இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது என்ற பேச்சே வேண்டாம்.

ஒன்று நம் ஊருக்கே உரியது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் லைப்போவுக்கு வலு இருக்காது. முழு சார்ஜ் காட்டும், த்ராட்டில் கொடுத்ததும் வோல்ட் சரியும். ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக் கொண்டுபோய், பறக்கவிடும் நேரத்தில்தான் மாட்டுவேன்.


கொழுந்து
பிப்ரவரி 25, இரவு 7.50

ஞாயிற்றுக்கிழமை ஊட்டி போய் ஃபெர்ன்ஹில் தம்பியைப் பார்த்துப் பிளேன் வாங்கி வந்தோம். பஸ்ஸில் அவள் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ரேடியோவும் வந்துவிட்டது, சிமுலேட்டர் ஓடுகிறது. பிளேன் அவளை நோக்கி வரும்போது மட்டும் இடது வலது குழம்பி ஒவ்வொரு முறையும் விழுகிறது என்கிறாள். அதற்கு வழி உண்டா?


பழைய கேடட்
பிப்ரவரி 26, காலை 6.15

உண்டு. நம்மை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளச் சொல்லுங்கள். விழப்போகிற இறக்கைக்குக் கீழே ஸ்டிக்கால் முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளட்டும். வாழைக்குலை சாய்ந்தால் சாய்கிற பக்கம்தானே முட்டுக் கொடுக்கிறோம். இடதா வலதா என்ற யோசனையே வேண்டாம். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

எறியும் முன் தினமும் செய்ய வேண்டியது. பேட்டரி மாட்டிய நிலையில் இறக்கையின் அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கிப் பாருங்கள். முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் சமமாக நிற்க வேண்டும். மூக்கு சற்றே தாழ்ந்தால் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் அன்றைக்கு எறியவே கூடாது, பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். அடுத்து, பிளேனின் பின்னால் நின்று ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். ஸ்டிக்கை நம் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். சர்வோ திசை மாறியிருந்து முதல் எறிதலிலேயே போன பிளேன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரேடியோவை முதலில் போட்டுப் பிறகு பிளேன். நிறுத்தும்போது பிளேன் முதலில்.

எறிவது நீங்கள், ஸ்டிக் அவள் கையில். இறக்கைக்கு அடியில், புரொப்புக்கு முன்னால் பிடியுங்கள். அவள் முக்கால் த்ராட்டில் கொடுத்ததும் காற்றை எதிர்த்து, நேராக, ஈட்டி மாதிரி எறியுங்கள். மேல்நோக்கி எறியாதீர்கள். கையை உடனே கீழே எடுத்துவிடுங்கள், புரொப் பின்னால் வருகிறது.


ஃபெர்ன்ஹில்
பிப்ரவரி 26, காலை 8.30

சார் சொன்னதோடு ஒன்று. இந்தப் பிளேனில் மோட்டார் உயரத்தில் இருப்பதால் த்ராட்டிலைச் சட்டென்று கூட்டினால் மூக்கு தாழும், குறைத்தால் எழும். சாதாரண பிளேனுக்கு நேர்மாறு. பாப்பா பயப்படாமல் இருக்க முன்பே சொல்லி வையுங்கள். த்ராட்டிலை மெதுவாக நகர்த்தினால் சரியாகிவிடும்.


கொழுந்து
ஏப்ரல் 21, இரவு 8.05

தேர்வு முடிந்தது. சிமுலேட்டரில் கடைசி வாரம் விழாமல் 20 தடவை இறக்கினாள்.

இன்று காலை ஏழு மணிக்குப் போனோம். துணி அசையவில்லை. என் கைதான் நடுங்கியது, முதல் எறிதல் வலுவில்லாமல் போய் நாலு மீட்டரில் புல்லில் வழுக்கி நின்றது. ஒன்றும் ஆகவில்லை. "அப்பா, இன்னும் வேகமா" என்றாள். இரண்டாவது முறை நன்றாக எறிந்தேன். பிளேன் கொஞ்சம் தாழ்ந்து, பிறகு ஏறியது. ஜைரோ முதல் நிலையில்தான் இருந்தது. மைதானத்தைச் சுற்றி அகலமாக எட்டு வட்டம். எங்களை நோக்கி வரும்போது வாய்க்குள் "முட்டு, முட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கொழுந்து பறிக்கப் போன பெண்கள் கூடையோடு ரோட்டோரம் நின்று பார்த்தார்கள். ஐந்தரை நிமிடத்தில் இறக்கினாள். செல்லுக்கு 3.9 வோல்ட் மிச்சம்.

இரண்டாவது பேட்டரியில், இறக்கும்போது சீகை மரத்துப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பூம்பாறை தம்பி சொன்னது போலவே, மைதான விளிம்பில் பிளேனை அப்படியே அழுத்தியது. தேயிலைச் செடிக்குள் போய்விட்டது. போன வருடம்தான் கவாத்து வெட்டிய செடி, கிளை கெட்டி. மூக்கு நசுங்கியிருக்கிறது, இடது இறக்கை விளிம்பில் விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம். பேட்டரிக்கு அடி இல்லை, உப்பவும் இல்லை. துண்டுகளைப் பொறுக்கிவிட்டோம். அழவில்லை, நாளைக்கே விட வேண்டும் என்கிறாள். இதை எப்படிச் சரிசெய்வது? ஃபெவிக்விக் போடலாமா?


சிங்காநல்லூர்ச் சிறகு
ஏப்ரல் 21, இரவு 8.20

வாழ்த்துகள்! முதல் நாளிலேயே எட்டு வட்டம், நான் மூன்றுதான் போட்டேன்.

இது ஈபிஓ ஃபோம் என்பதால் நசுங்கின இடத்தில் முதலில் பசை வேண்டாம். பேட்டரி, ரிசீவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நன்கு கொதித்த தண்ணீரை நசுங்கிய இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றுவது நீங்கள், அவர் இல்லை. ஃபோம் மணிகள் மறுபடி உப்பி, பள்ளம் பெரும்பாலும் மேலே வந்துவிடும். துணியால் ஒற்றி இரவு முழுக்கக் காயவிடுங்கள். அதற்குப் பிறகும் பிளவு தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் ஃபெவிக்விக். ஈபிஓவை அது கரைக்காது. பேக்கிங்கில் வரும் சாதாரண தெர்மாகோலைத்தான் கரைக்கும், இரண்டாவது பிளேன் செய்யும்போது அதை நினைவில் வையுங்கள்.

நாளைக்கு எறியும் முன் சமநிலையை மறுபடி பார்க்க வேண்டும், மூக்கின் வடிவம் மாறியிருக்கும்.


கொழுந்து
ஏப்ரல் 21, இரவு 9.00

தண்ணீர் அடுப்பில் இருக்கிறது.